வாசல்படி தாண்டத் தயங்கும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது, திருவானைக்காவலில் தனியாக இருக்கிறார். 2020 ஊரடங்குக்கு முன்புவரை கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நாள்தோறும் நடந்தே போய்வந்தவர், அதன் பிறகு வாசலைத் தாண்டவே தயங்குகிறார். மளிகை, காய்கறி எல்லாவற்றையும் நானே செயலி மூலம் அனுப்பிவைக்கிறேன். கொரோனா அவருக்கு வரவே இல்லை. பிறகு ஏன் இந்தத் தளர்ச்சி?
- வாசகி, பெங்களூரு

பதில்: நோய் அண்டாத உடம்பையும் அந்த மாதங்கள் பாதிக்காமல் விடவில்லை. மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு படிப்படியாகத் தளர்ந்தபோதும், 65 வயதைக் கடந்தவர்கள் அவசியமின்றி வெளியே வர வேண்டாம் என்ற மத்திய அரசின் அறிவுரை நீடித்தது. தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் பக்தர்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது செப்டம்பர் 1-ஆம் தேதிதான். அந்தக் கட்டுப்பாடு அன்று தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் கால்கள் என்னவாகும் என்பது வீட்டாருக்குப் போதிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை. முதுமையில் பயன்படாத தசை விரைவாகக் கரையும். அதை மீட்க நெடுநாள் பிடிக்கும். தொடைத் தசை தளர்ந்தால் எழுந்திருக்கும்போதே தடுமாற்றம் வரும், தடுமாறியவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பிறக்கும், அந்த அச்சத்தால் நடை குறையக் குறையத் தசை மேலும் தளரும்.

முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உட்கார்ந்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தவுடன் அழுத்தம் இறங்குவதாலும் தலைசுற்றல் வரும். கண் பரிசோதனை மிக அவசியம். ஊரடங்கில் தள்ளிப்போன கண்புரை அறுவைகள் ஏராளம். தெருவின் மேடுபள்ளம் சரியாகத் தெரியாதவர் வெளியே போக அஞ்சுவது இயல்புதானே! மருத்துவர் சம்மதித்தால், சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும், சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்கும் பயிற்சியையும் தினமும் செய்யட்டும். உணவில் பருப்பு, தயிர், ஒத்துக்கொண்டால் முட்டை ஆகியவை குறையாமல் இருக்கட்டும்.

மனத்தாங்கல் கொள்ளாமல் இன்னொன்றையும் கேளுங்கள். நீங்கள் அன்போடு அனுப்பும் அந்தக் காய்கறிப் பை, அவர் வாசலுக்கு வருவதற்கிருந்த காரணத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. தள்ளுவண்டியை நிறுத்தி, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, விலை பேசி, கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வாங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நிற்பதும் குனிவதும் அண்டை வீட்டாரோடு பேசுவதும் ஒருங்கே நடந்துவிடுகின்றன. காய்கறியையாவது அவர் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் துணையோடு தெருமுனை வரை நடக்கட்டும். கோயில் சில வாரங்கள் கழித்து ஆகட்டும்.

கேள்வி: நானும் மனைவியும் எழுபதை நெருங்குகிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில். மறுபடியும் ஊரடங்கு வந்தால் என்ன செய்வது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரு மாதத்துக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மருந்துச் சீட்டைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி மருத்துவர் தொலைபேசியிலேயே ஆலோசனை கூறலாம். மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான அண்டை வீட்டில் இருப்பது நல்லது. முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. அதைத் தொலைபேசி அருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.