உலுருவின் கல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிட்னியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். 2019-இல், நடு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் புனிதமாகக் கருதும் உலுருப் பாறையில் ஏறுவதைத் தடை செய்யப்போகிறார்கள் என்றதும், அதற்குள் ஏறிவிடலாம் என்று குடும்பத்தோடு போய் ஏறினோம். இப்போது பள்ளியில் பூர்வகுடிகளைப் பற்றிப் படிக்கும் என் மகன், "நாம ஏறியிருக்கக் கூடாதுப்பா" என்கிறான். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மதச்சார்பற்ற நாட்டில் ஒரு சிறு கூட்டத்தின் நம்பிக்கைக்காக எல்லோரையும் தடுப்பது சரியா? கோயில் இல்லை, வேதம் இல்லை. அதை மதம் என்றே சொல்ல முடியுமா? மகன் அங்கிருந்து எடுத்துவந்த சின்னக் கல் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

கே.

அன்புள்ள கே.,

வேதம் இல்லை என்கிறீர்கள். ஏறி இறங்கிய அன்று பாறையின் அடிவாரத்தைச் சுற்றி நடந்தீர்களா? தெற்குப் பக்கம் முட்டிஜுலு என்று ஒரு சுனை இருக்கிறது. நான் அங்கே ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். அங்கே சொல்லப்படும் கதை இது: குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணின் மருமகனை லிரு என்ற நச்சுப்பாம்புக் கூட்டம் கொன்றுவிடுகிறது. அவள் நியாயம் கேட்டு வருகிறாள். லிரு வீரன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். கிழங்கு தோண்டும் கோலால் அவன் தலையில் ஒரு அடி அடிக்கிறாள், பிறகு இன்னொரு அடி. பாறைச் சுவரில் இரண்டு பிளவுகள் இருக்கின்றன. முதலாவது சின்னது, இரண்டாவது நீளமாக, ஆழமாக இறங்குகிறது. அத்தை ஒருத்தி மருமகனுக்கு என்ன கடன்பட்டவள், துக்கம் எந்த இடத்தில் கோபமாகிறது என்பதையெல்லாம் அங்கே ஒரு பாட்டி அந்தப் பிளவைக் காட்டித்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லமுடியும். இது வெளியாருக்குச் சொல்லும் அளவுக்கான கதை மட்டும்தான். அதற்கு மேல் உள்ளவை வயதும் தகுதியும் வந்தவர்களுக்கு, ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக. சில பகுதிகளைப் படம் எடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பதும் அதனால்தான். அந்த வேதத்தைப் பெயர்த்தெடுத்து இன்னொரு ஊரில் வைத்துப் படிக்கமுடியாது.

அங்குள்ள அனங்கு மக்கள் இதை ஜுக்குர்பா என்கிறார்கள். பல பூர்வகுடிகளிடம் பல பெயர்களில் உள்ள இதைத்தான் ஆங்கிலத்தில் 'ட்ரீம்டைம்' என்றார்கள், நாம் அதைக் 'கனவுக்காலம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதே இல்லை. ஜுக்குர்பா கனவும் இல்லை, முடிந்துபோன காலமும் இல்லை. யாரை மணக்கலாம், வேட்டையில் கிடைத்ததை யாருக்குப் பங்கு வைக்கவேண்டும், எந்த நிலத்தை யார் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் வரும். அவர்கள் அதைச் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

(அனங்கு என்றதும் நமக்கு அணங்கு நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் மலைக்கும் சுனைக்கும் அணங்கு உண்டு. ஆனால் அவர்கள் மொழியில் அனங்கு என்றால் மனிதர் என்றுதான் பொருள். ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது.)

சரி, மதச்சார்பின்மைக்கு வருவோம். எந்த மதத்தையும் பின்பற்றத் தடை போடச் சட்டம் இயற்றக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 116-ஆம் பிரிவு 1901-இலிருந்தே சொல்கிறது. அதே நாட்டில்தான் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மார்களிடமிருந்து பிரித்துக்கொண்டுபோனார்கள். வட பிரதேசத்தில் அப்படிப் பறிக்கப்பட்டவர்கள், எங்கள் சமயத்திலிருந்தே எங்களை அறுத்துவிட்டீர்கள் என்று இந்தப் பிரிவையும் காட்டி வழக்காடினார்கள். பிள்ளைகளைப் பறிக்க வழிசெய்த சட்டத்தின் நோக்கம் மதத்தைத் தடுப்பது அல்ல என்று 1997-இல், அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து, மதச்சார்பற்ற அரசு பூர்வகுடிகளின் நம்பிக்கைக்கு வளைந்து கொடுக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் கொதிக்கிறது.

உலுரு விஷயத்திலும் அப்படித்தான். ஏறுவதைத் தடை செய்வோம் என்று 1983-இல் அரசு வாக்குக் கொடுத்தது. 1985 அக்டோபர் 26 அன்று நிலத்தை அனங்கு மக்களிடம் ஒப்படைத்தபோது, ஏறுவது தொடரவேண்டும், உலுரு இருக்கும் தேசியப் பூங்காவை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே திருப்பித் தரவேண்டும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அடிவாரத்தில் பலகை வைத்து, தயவுசெய்து ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பெரும்பான்மையாக உள்ள பூங்கா வாரியம் 2017-இல் ஒருமனதாக முடிவெடுத்து, நிலம் கைக்கு வந்து சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019-இல் அதே அக்டோபர் 26 அன்று ஏறும் பாதையை மூடியது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டு மாடிக்கு வரவேண்டாம் என்கிறார்கள். இதைக் கேட்டுக்கொள்ள உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா என்ன?

இன்னொன்றும் உண்டு. ஏறும் பாதை, ஆதியில் மாலா என்னும், கங்காரு போன்ற சிறு வாலபி முன்னோர்கள் சென்ற வழி. அங்கே விருந்தாளிக்கு அடிபட்டால் அந்தப் பழி நிலத்துக்காரர்கள் மேல்தான் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். 348 மீட்டர் உயரம், செங்குத்தான சரிவு. 37 பேராவது அந்த ஏற்றத்தில் செத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அத்தனை பேருக்காகவும் அவர்கள் துக்கப்பட்டிருக்கிறார்கள். நம்பிக்கை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் விவாதிக்கும்போது, இந்தத் துக்கம் எங்கேயோ விட்டுப்போகிறது.

இனி அந்தக் கல். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவருவது சட்டப்படியே தவறு. உங்களைப்போலப் பலரும் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அவற்றை 'சாரி ராக்ஸ்' என்றே சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எங்கிருந்து எடுத்தது என்று தெரியாத கல்லை அதன் இடத்தில் சேர்க்கமுடியாது. உங்கள் மகனுக்கு இன்னும் நினைவிருக்கலாம். எந்தப் பக்கம், பாதையின் மேலேயா கீழேயா, பக்கத்தில் மரமோ சுனையோ இருந்ததா என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு படமும் வரையட்டும். பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்