புது ஆசிரியர்களின் கேள்விகள்: சத்தம், கடைசி பெஞ்ச், பிரம்பு

அரசு நடுநிலைப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆனவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

டீச்சர், ஆறாம் வகுப்பில் 42 பிள்ளைகள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சத்தத்தை எப்படி அடக்குவது?

நீங்கள் கத்தினால் அவர்கள் அதற்கு மேல் கத்துவார்கள், தம்பி. சத்தம் எப்போது கிளம்புகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் நீங்கள் வருகைப் பதிவு எடுக்கும்போது அல்லது நோட்டு திருத்தும்போதுதான் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் பலகையில் இரண்டு கணக்கு எழுதிவிடுங்கள். அவர்கள் போடட்டும், நீங்கள் வருகை எடுங்கள். நோட்டு கொடுப்பது, தண்ணீர் குடிக்கப் போவது, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பது எல்லாவற்றையும் ஜூன் மாதத்திலேயே பாடம் மாதிரி சொல்லிப் பழக்குங்கள்.

அப்புறம், 42 பெயரும் ஒரு வாரத்தில் தெரிந்தாக வேண்டும். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். "ஏய், மூணாவது பெஞ்ச்" என்றால் பெஞ்சே சிரிக்கும். பெயர் சொன்னால் அந்தப் பிள்ளை நிமிரும். ஆனால் திட்டுவதற்காக எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்.

பேசுபவர்கள் பெயரை லீடரை எழுத வைக்கலாமா?

வேண்டாம். லீடரின் நண்பன் பெயர் பலகையில் ஏறாது.

கேள்வி கேட்டால் நான்கு பேர்தான் பதில் சொல்கிறார்கள்.

கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

எட்டாம் வகுப்புப் பையன் எதிர்த்துப் பேசுகிறான்.

கூட்டாளிகள் முன்னால் அவனால் இறங்கி வர முடியாது, மா. மணி அடித்த பிறகு தனியாகக் கூப்பிடுங்கள். முதல் பீரியடில் தூங்கிய ஒருவனை நான் எல்லார் முன்னாலும் திட்டினேன். விடிகாலை மூன்று மணிக்கே அப்பாவோடு பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறவன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தினம் இரண்டு நிமிடம் படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். எல்லார் முன்னாலும் மட்டும் வேண்டாம்.

பொது மாறுதல் கலந்தாய்வு எப்போது?

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

அடியாத மாடு படியாது. நாங்களும் அடி வாங்கித்தானே ஆளானோம்?

அடியால்தான் படித்தீர்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உங்களோடு அடி வாங்கி, பயந்து, பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டவர்கள் இங்கே கேள்வி அனுப்பவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசைமேல் எனக்கும் பிரம்பு இருந்தது. அது இருக்கும்வரை வகுப்பு அமைதி. நான் வெளியே போனால் இரண்டு மடங்கு சத்தம். அவர்கள் பயந்தது பிரம்புக்கு, பழகியது ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பயந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவது?

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை வரும்.

லேசாக ஒரு தட்டு கூடவா?

கூடாது.

முட்டி போட வைக்கலாமா?

அதுவும் உடல் தண்டனைதான். பிரிவு 17ஐ இப்போதுதான் சொன்னேன்.

வெயிலில் நிற்க வைத்தால்?

ஐயா, கேட்பதை மாற்றி மாற்றிக் கேட்டாலும் பதில் மாறாது. பிள்ளைக்கு வலிக்காமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் சத்தம் தாங்கவில்லை...

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு சிறுமியின் கையில் சூட்டுத் தழும்பு. கேட்டால் அழுகிறாள்.

வகுப்பில் கேட்காதீர்கள். துருவித் துருவியும் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் இன்றே சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கு இன்றே பேசுங்கள். பெற்றோரிடம் முதலில் போய் நிற்காதீர்கள், வீட்டில் அவளுக்கு இன்னும் கஷ்டம் வரலாம்.

பெற்றோர் பள்ளிக்கு வருவதே இல்லை. கூப்பிட்டால் பயப்படுகிறார்கள்.

இதுவரை குறை சொல்லத்தானே கூப்பிட்டிருக்கிறோம்? இந்த வாரம் மூன்று வீட்டுக்குப் போன் போடுங்கள். "உங்க பையன் இன்னிக்குப் பின்னக் கணக்கு தானாகவே போட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பியுங்கள்.