தண்ணீர் அடித்தும் மாடு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: எங்களிடம் இரண்டு கலப்பின மாடுகள். 12 லிட்டர் கறந்த மாடு, வெயில் ஏறியதிலிருந்து 9 லிட்டரில் நிற்கிறது. பாலில் கொழுப்பும் குறைந்துவிட்டது. வெயில் படாமலிருக்கத் தகரக் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். மதியம் தண்ணீர் அடித்து, முதுகில் ஈரச் சாக்கு போடுகிறோம். அப்படியும் எச்சில் ஒழுக மூச்சு வாங்குகிறது. இன்னொன்று ஏழு மாதச் சினை. பால் வற்றவைத்துவிட்டதால் வெளியில் கட்டியிருக்கிறோம். என்ன செய்யலாம்?

மருத்துவர் பதில்: முதல் வேலையாக அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். வெயிலை மறைத்தீர்கள், சரி, கூடவே காற்றையும் அல்லவா அடைத்துவிட்டீர்கள்! உடம்பில் பட்ட ஈரம் காய்ந்தால்தான் சூடு இறங்கும். அடைத்த கொட்டகையில் தண்ணீர் அடித்தால் ஈரப்பதம் கூடி, புழுக்கம்தான் மிஞ்சும். சாக்கும் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் வெந்நீர் ஒத்தடமாகிவிடும். அதையும் எடுத்துவிடுங்கள்.

மேல்முடி நனைந்தால் போதாது, தோல் வரை நனைய வேண்டும். பிறகு மின்விசிறியை ஓடவிட்டுக் காயவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். மடியில் மட்டும் தண்ணீர் வழிய வேண்டாம், மடிநோய்க்கு அது வழி. தகரத்தின் மேல் வெள்ளையடித்தாலோ ஓலை பரப்பினாலோ உள்ளே இறங்கும் அனல் குறையும்.

மாட்டுக்குச் சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதும் சூடு பிறக்கிறது. காலை பத்து மணிக்கு வயிறு நிறையத் தீனி போட்டால், அந்தச் சூடும் உச்சிவெயிலும் ஒன்றாகச் சேரும். பெரும்பங்கு தீவனத்தை விடிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.

கொழுப்பு குறைந்ததற்கும் இந்த இரைப்புக்கும் தொடர்பு உண்டு. வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதைச் சரிக்கட்ட, உடல், புளிப்பை முறிக்கும் பைகார்பனேட் என்ற உப்பைச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. வயிற்றுப் புளிப்பை ஆற்றும் எச்சிலோ தரையில் ஒழுகுகிறது. வயிறு புளித்தால் கொழுப்பு இறங்கும். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவைப் பிரித்து அடர்தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். சினை மாட்டுக்கு வேண்டாம், கன்று ஈனும் நேரத்தில் பால் காய்ச்சலுக்கு (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) அது இடம் கொடுக்கும்.

அந்தச் சினை மாட்டையும் இன்றே நிழலுக்குக் கொண்டுவாருங்கள். கறக்கவில்லையே என்று பலரும் விடுகிற இடம் இதுதான். வற்றுக்காலத்தில் வெயிலில் வாடினால் கன்றின் எடை குறையும், அடுத்த ஈற்றில் பாலும் குறையும்.

தண்ணீர்த் தொட்டியில் மதியம் கைவிட்டுப் பாருங்கள். உங்கள் கைக்கே சுட்டால் மாடு எப்படிக் குடிக்கும்? தொட்டிக்கும் நிழல் வேண்டும். இரவிலும் தண்ணீர் இருக்க வேண்டும்.

பாலளவை வைத்து நிலைமையைக் கணிக்காதீர்கள். இன்றைய வெயிலின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் பாலில் தெரியும். விலாப்புறம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று தள்ளி நின்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் அப்போதே நனைத்து விசிறி போடுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தாலோ, தள்ளாடினாலோ, ஆசனவாயில் வைத்துப் பார்த்த வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வாயில் மட்டும் எதையும் புகட்ட வேண்டாம், புரையேறிவிடும்.