கையில் திணித்த நூறு ராண்ட்

கேள்வி: அம்மா, என் மாமியாருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. சிகிச்சை நிலையத்தில் ஒரு பெண் தொடையையும் தழும்பைச் சுற்றியும் நீவி விடுகிறார். போன வாரம் மாமியார் சொல்லி, அவர் கையில் நூறு ராண்டைத் திணித்தேன். சிரித்தபடியே என் பைக்குள் திருப்பிப் போட்டுவிட்டார். குறைவாகக் கொடுத்துவிட்டேனா?
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இருநூறு கொடுத்திருந்தாலும் திருப்பித்தான் போட்டிருப்பார். அவர் உங்களை அவமதிக்கவில்லை.

உங்கள் மாமியாரின் மனசு எனக்குப் புரிகிறது. நான் சிறுமியாக இருந்தபோது கேட்டோ மேனரில் எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சுளுக்கு எடுக்க ஒரு கிழவி வருவார். கூலி இவ்வளவு என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நல்லெண்ணெய் போட்டு உருவி முடித்ததும், ஆயா வெற்றிலையில் காசு வைத்துக் கொடுப்பாள். உடம்பைத் தொட்டுப் பாடுபட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பாள். ஆனால் அந்தக் கிழவிக்கு அந்தக் காசுதான் கூலியே. உங்கள் சிகிச்சையாளருக்கு அப்படியில்லை. அவருடைய கட்டணம் பில்லில் இருக்கிறது. மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு ஒரு பங்கு, நீங்கள் ஒரு பங்கு கட்டிவிடுகிறீர்கள்.

இந்த நாட்டில் இயன்முறை மருத்துவர்கள் ஒரு மன்றத்தில் பதிவு செய்தவர்கள். சிகிச்சை மசாஜ் செய்கிறவர்கள் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேறொரு மன்றத்தில். இரண்டிலும் ஒழுக்க விதிகள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் என்றால், அரசுப் பணி விதிகள் அன்பளிப்புக்கே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

விதியை விடுங்கள். இப்படியொரு நிலையத்தில் பத்தொன்பது வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள் நான். ஒரு தாத்தா, பாவம், நல்ல மனுஷர், வரும்போதெல்லாம் சிகிச்சையாளரின் மேல்சட்டைப் பையில் இருபது ராண்ட் செருகிவிடுவார். கேட்க மாட்டார். கொஞ்ச நாளில் தாத்தாவுடைய அரை மணி நாற்பது நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷம் யாருடையது? அடுத்து சக்கர நாற்காலியில் காத்திருந்த அம்மாவுடையது. அவரிடம் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருக்கும். சிகிச்சையாளர் கெட்டவர் இல்லை, தன்னை அறியாமலே நடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த விஷயமே விளங்கியது.

உம்ஷ்லாங்காவில் கடலைப் பார்த்துக்கொண்டே மசாஜ் செய்துகொள்ளும் ஸ்பா வேறு கணக்கு. அங்கே ஹோட்டலில் வைப்பதுபோல் பத்து சதவீதம் வைத்தால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். உங்கள் பெயரில் ஃபைல் திறந்து, வலி எப்படி இருக்கிறது என்று எழுதுகிற இடமா, டிப்ஸ் வேண்டாம். தனியாக வீட்டுக்கு வருகிறவருக்கும் அவர் சொல்லும் கட்டணம் போதும்.

வெளியே வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐந்து ராண்ட் கொடுக்க மறக்காதீர்கள். அவருக்கு அதுதான் வருமானம்.

நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்றால், சிகிச்சையாளரின் பெயரைப் போட்டு மேனேஜருக்கு நாலு வரி எழுதுங்கள். சொல்லிக் கொடுத்த பயிற்சியை மாமியார் வீட்டில் செய்யட்டும். சிகிச்சையாளருக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. மாமியார் அதற்கும் மசியவில்லையா? சரி, தீபாவளிக்கு எல்லாருக்குமாக ஒரு தட்டு முறுக்கு கொண்டுபோய் ரிசப்ஷனில் வையுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் ஒன்று கிடைக்கும். எங்களை யாரும் நினைப்பதே இல்லை.