பந்து உங்கள் பக்கம்: பள்ளிக்கு வெளியே ஒரு வாலிபால் கிளப்

கேள்வி: ஊர்ப் பொது இடத்தில் பெண்பிள்ளைகளுக்காக வாலிபால் கிளப் தொடங்குகிறோம். 10 முதல் 14 வயது வரை 14 பேர். கோர்ட் போடுவது எப்படி, என்னென்ன வாங்க வேண்டும்?
— வாசகி, மணப்பாறை

பதில்: முதலில் டேப் பிடித்து இடத்தை அளந்துவிடுங்கள். கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர். நாலு பக்கமும் 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும் என்பதால் தேவைப்படும் இடம் 24-க்கு 15. அதற்குள் மின்கம்பமோ கல்திட்டோ வந்தால் கோர்ட்டை நகர்த்துங்கள். பந்தை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடும் பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. நீளவாட்டம் வடக்கு தெற்காக அமைந்தால் சாயங்கால வெயில் யார் கண்ணிலும் நேராக அடிக்காது.

நடுக்கோட்டை முதலில் போட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் 9-க்கு 9 சதுரமாக அளந்து வாருங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் 12 மீட்டர் 73 சென்டிமீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போகவில்லை என்றால் கோணல் இருக்கிறது. கோட்டைச் சுண்ணாம்புத் தூளில் போடாதீர்கள். விழுந்து பந்தெடுக்கும் பிள்ளையின் கண்ணில் பட்டால் எரித்துவிடும். 5 சென்டிமீட்டர் அகல நைலான் நாடாவே நல்லது. அதை இறுக்கும் ஆணியின் தலை மண்ணோடு மட்டமாக இருக்கட்டும்.

வலை நடுவில் தொங்குவதுதான் ஊர் கோர்ட்டுகளில் நாம் அதிகம் பார்க்கும் குறை. வலையின் மேல் சணல் கயிறு இருப்பதும், கம்பம் மெல்ல உள்பக்கம் சாய்வதும்தான் காரணம். கம்பத்தைப் பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி நட்டு, முக்கால் மீட்டர் ஆழத்துக்கு கான்கிரீட் போடுங்கள். மேலே இரும்பு வயர் கயிறு, அதை முறுக்கி இறுக்க ஒரு டர்ன்பக்கிள். உயரத்தைக் கம்பத்தருகே அளக்காமல் வலையின் நடுவில் அளக்க வேண்டும். ஒரு பிவிசி குழாயில் உயரங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் தினமும் அரை நிமிட வேலைதான்.

பெண்களுக்கான வலை உயரம் 2.24 மீட்டர். அதை 10 வயதுப் பிள்ளைக்குக் கட்டாதீர்கள். அவளுக்கு 2 மீட்டர் போதும், 12, 13 வயதுக்கு 2.10 சரிவரும். எட்டாத வலைக்கு முன் நிறுத்தினால் முழங்கையைத் தாழ்த்திப் பந்தை மேலே தள்ளித்தான் பழகுவாள். அந்தப் பழக்கத்தை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

14 பேருக்குக் குறைந்தது 7 பந்து வேண்டும். நல்ல மேட்ச் பந்து ஒன்று போதும்; மிச்சத்தை மலிவாக வாங்கலாம். ஆனால் எல்லாமே 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர் என்ற அளவுக்குள் இருக்கட்டும். காற்றழுத்தம் 4.3 முதல் 4.6 பிஎஸ்ஐ வரைதான். சைக்கிள் கடையில் கல் மாதிரி அடித்துக்கொண்டு வருவதால்தான் புதுப் பிள்ளைகளின் முன்கை சிவந்து, மறுநாள் வராமலே போகிறார்கள். அழுத்தமானி ஒன்று வாங்கிவிடுங்கள். ஊசியை நனைத்துச் செருகினால் வால்வு கிழியாது.

கேள்வி: ஒன்றரை மணி நேரம் பயிற்சி கொடுத்தும் முன்னேற்றம் இல்லை. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவருக்கும் பந்து போடுகிறோம்.
— வாசகர், தென்காசி

பதில்: அந்த வரிசைதான் கோளாறு. 12 பேர் வரிசையில் நிற்க, ஐந்து நொடிக்கு ஒரு பந்து நீங்கள் போட்டால் ஒருத்திக்கு நிமிடத்துக்கு ஒரே ஒரு பந்துதான் கிடைக்கிறது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு பந்து கொடுத்து, எதிரெதிரே 4 மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். தடுமாறினாலும் நிமிடத்துக்கு எட்டு, பத்து முறை பந்தைத் தொடுவார்கள். கடைசி அரை மணி நேரம் கோர்ட்டைக் குறுக்கி மூவருக்கு மூவர் ஆட விடுங்கள். அறுவருக்கு அறுவர் ஆடினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். 14 வயதுக்குள் யாரையும் “நீ செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்), நீ லிபரோ (பின்வரிசையில் பந்தெடுப்பவர்)” என்று பிரிக்கவும் வேண்டாம். இன்று குட்டையாக இருப்பவள் இரண்டு வருடத்தில் எல்லோரையும் தாண்டி வளர்ந்து நிற்பாள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்தாற்போல் இருக்கிறது, குதித்தால் வலிக்கிறதாம். விளையாட்டை நிறுத்திவிடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வேகமாக வளரும் வயதில் தொடைத் தசையின் தசைநார் கால் எலும்பில் சேரும் இடத்தை இழுப்பதால் இப்படிப் புடைப்பும் வலியும் வருவதுண்டு. பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும். ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். முழங்கால் வீங்கினாலோ, நொண்டினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ தாமதிக்கவே கூடாது.

மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாத வரை, முழுதாக நிறுத்தாமல் குதிப்பதை மட்டும் குறைக்கலாம். ஸ்பைக்கும் (குதித்து ஓங்கி அடிப்பது) ப்ளாக்கும் (வலையருகே குதித்துத் தடுப்பது) சில வாரம் வேண்டாம். வலிக்காத அளவில் பாஸும் நின்றபடி சர்வீஸும் தொடரலாம். சிமெண்டுத் தரையில் குதிக்கவே விடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வைக்கலாம்.

வலி அடங்கியதும் அவள் தரையிறங்குவதைக் கவனியுங்கள். ஒன்றே கால் அடி உயரத்துக்கு மிகாத படியிலிருந்து குதித்து மூன்று நொடி அப்படியே நிற்கச் சொல்லி, முன்னாலிருந்து போனில் படம் எடுங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினால் அதுதான் ஆபத்து. முழங்காலின் உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் அறுவது பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட அதிகம். அதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். இரண்டு காலும் சேர்ந்து, சத்தம் வராமல், முழங்கால் பாதத்துக்கு நேராக இறங்க வேண்டும். தினமும் வார்ம்-அப்பில் பத்து முறை இதைச் செய்தால் போதும்.

கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் வலைக்கடியில் எதிரணிப் பிள்ளையின் பாதத்தின் மேல் இறங்குவதால் வருகிறது. பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருக்கும்வரை எதிர்ப்பக்கம் படுவதை விதி அனுமதிக்கிறது. பயிற்சியில் நீங்கள் அதையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: பயிற்சியாளர் ஆண். சில பெற்றோர் தயங்குகிறார்கள். எழுத்தில் ஏதாவது விதி வைக்கலாமா?
— கிளப் பொறுப்பாளர், திருவாரூர்

பதில்: கட்டாயம் வையுங்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. நல்ல பயிற்சியாளருக்கும் இது பாதுகாப்புதான். பயிற்சி நேரம் முழுக்க ஒரு தாயாவது கிளப் பெண் ஒருவராவது மைதானத்தில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது, தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது; எல்லாத் தகவலும் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும். உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலும் செய்யட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பிள்ளைகளின் அறைப் பக்கம் பெண் பொறுப்பாளர்தான் தங்க வேண்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தால் கிளப்புக்குள் பேசித் தீர்க்க முயலாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். 1098 எண்ணிலும் உதவி கிடைக்கும். இன்னொன்று: கழிப்பறையும் உடை மாற்ற மறைவிடமும் இல்லாத மைதானத்தில் 13 வயதுப் பிள்ளைகள் நிலைக்க மாட்டார்கள். உதவிப் பெட்டியில் பேண்டேஜோடு நாப்கினும் இருக்கட்டும்.

கேள்வி: கிளப் அணியாகப் போட்டிகளில் ஆடலாமா?
— வாசகர், அரியலூர்

பதில்: குறுவட்டம், மாவட்டம் என்று நடக்கும் பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் அவரவர் பள்ளிக்காகத்தான் ஆட முடியும். உங்கள் மாவட்ட வாலிபால் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கும் ஊர் டோர்னமென்ட்டுகளுக்கும் கிளப் பெயரில் போகலாம். வயது வரம்புத் தேதியை ஒவ்வொரு போட்டியின் அறிவிப்பிலும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதியைக் காட்டுகின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள்; போட்டியன்று காலையில் திருத்த முடியாது. சங்கமாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும்.

கேள்வி: 11 வயதுப் பிள்ளைகளின் மேல்கை சர்வீஸ் வலையைத் தாண்டவே இல்லை.
— வாசகி, உடன்குடி

பதில்: பலம் போதாது என்று நினைக்கிறீர்கள், நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் பந்தைத் தூக்கிப் போடுவதுதான் தப்பு. அடிக்காமல் பந்தை மட்டும் தூக்கிப் போடச் சொல்லி, கீழே விழ விடுங்கள். அடிக்கும் கைக்கு நேராக, ஓரடி முன்னால் விழ வேண்டும். தலைக்குப் பின்னால் விழுந்தால் அந்த சர்வீஸ் தாண்டாது. மணிக்கட்டை விறைப்பாக வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்கட்டும். வலையிலிருந்து 6 மீட்டரில் தொடங்கி, பத்துக்கு ஏழு தாண்டும்போது ஓரடி பின்னால் நகர்த்துங்கள்.