கட்டைவிரல் அளவு மாட்யூலை நம்பி வேலைக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கும் உங்கள் மகள், விடுமுறைப் பயிற்சிக்குப் போன இடத்தில் நாள் முழுக்க ஏதோ மாட்யூலைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இருக்கிறாள் என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். இதற்கா பொறியியல் படித்தாள் என்று கேட்டிருந்தீர்கள்.

அது ஆப்டிகல் டிரான்ஸீவர். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து வரும் மின்குறிகையை ஒளியாக்கி, ஒளியிழை என்னும் மெல்லிய கண்ணாடி இழையில் அனுப்பும். எதிர்முனையிலிருந்து வரும் ஒளியை மறுபடி மின்குறிகையாக்கும். வேகத்தைப் பொறுத்து வகைகள் உண்டு: எஸ்எஃப்பி என்றால் நொடிக்கு 1 கிகாபிட், எஸ்எஃப்பி பிளஸ் 10, கியூஎஸ்எஃப்பி28 என்றால் 100. இந்தப் பெயர்களை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். அதற்காக யாரும் சம்பளம் தர மாட்டார்கள்.

சம்பளம் கணக்குக்குத்தான். 10 கிலோமீட்டர் போகும் 10 கிகாபிட் எல்ஆர் (நெடுந்தூர வகை) மாட்யூல் குறைந்தபட்சம் மைனஸ் 8.2 டிபிஎம் ஒளியை அனுப்பும். டிபிஎம் என்பது ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு; மைனஸுக்குப் பின்னுள்ள எண் பெருகப் பெருக ஒளி குறைவு. எதிர்முனைக்கு மைனஸ் 14.4 ஆவது வந்து சேர வேண்டும். ஆக, வழியில் இழக்கக் கூடியது 6.2 டெசிபல் (இழப்பைச் சொல்லும் அலகு). கிலோமீட்டருக்கு 0.4 வீதம் இழையே 4 டெசிபலைத் தின்றுவிடும். மிச்சமுள்ள 2.2-க்குள் இணைப்பிகளிலும் இழைகளை ஒட்டிய இடங்களிலும் ஏற்படும் இழப்பு அடங்க வேண்டும். மாதச் சம்பளத்தில் வாடகை போக மிச்சத்தில் குடும்பம் நடத்துகிற கணக்குதான். இதை அவளால் தாளில் போட்டுக் காட்ட முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். எதிர்முனை ஒழுங்காக ஒளி அனுப்புகிறது, இங்கே வந்து சேர்வதோ மைனஸ் 19 டிபிஎம். முதலில் என்ன செய்வாள்? பலரும் புது மாட்யூலைத் தேடி ஓடுவார்கள். விவரம் தெரிந்தவர் ஒளியை நிறுத்திவிட்டு இழையின் முனையை நுண்ணோக்கியில் பார்ப்பார். ஒளி ஓடும் உள்ளகத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான். ஒரு தூசி போதும், வழியை அடைக்க. துடைத்துச் செருகியதும் அளவு மேலேறினால் மாட்யூல் செலவு மிச்சம். (ஒளி வரும் இழைக்குள் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள். அது அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கும்.)

இந்தத் துறையில் நெட்வொர்க் பராமரிப்பு, ஒளியிழைத் தடம் வடிவமைப்பு, மாட்யூலையே உருவாக்கிச் சோதிப்பது என்று மூன்று பக்கம் போகலாம். கடைசி வழிக்கு ஒளியியலும் அனலாக் மின்னணுவியலும் ஆழமாக வேண்டும். பெரும்பாலும் மேற்படிப்பும் தேவைப்படும். கணிதம் பிடிக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் அந்தக் கதவை இப்போதே மூட வேண்டாம் என்பேன்.

சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுவதை ஒத்திப்போடுங்கள். பெரும்பாலான மாட்யூல்கள் வெப்பநிலை, மின்னழுத்தம், லேசருக்குப் போகும் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, பெறும் ஒளி என ஐந்து அளவுகளைத் தாமே சொல்லும். பயிற்சி முடியும்வரை அனுமதி வாங்கிக்கொண்டு தினமும் அவற்றைக் குறித்து வரச் சொல்லுங்கள். பைத்தானில் சிறு நிரல் எழுதி எடுத்தால் இன்னும் நல்லது. வெப்பநிலை மாறாமல், அனுப்பும் ஒளியும் மாறாமல், மின்னோட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போகும் மாட்யூல் ஒன்று கண்ணில் பட்டால், அந்த லேசருக்கு வயதாகிறது என்று சந்தேகிக்கலாம். அது பழுதாகும் முன்பே மேலாளரிடம் போய்ச் சொல்லட்டும்.

அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.