மண் பாக்டீரியாவைச் சுற்றித் தெளிவான வளையம் வரவில்லையா?

மண்ணிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா, ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்க்க, இரண்டையும் ஒரே நாளில் தட்டில் இட்டிருப்பீர்கள். தடுத்தால் அதைச் சுற்றி ஈ.கோலை வளராத தெளிவான வளையம் தெரியும். வளையம் வராததற்குப் பெரும்பாலும் ஒரே நாளில் இட்டதுதான் காரணம். ஈ.கோலை ஒரே இரவில் தட்டை நிறைத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸோ வளர்ச்சி ஓய்ந்து, வித்துகள் கட்டத் தொடங்கும் சமயத்தில்தான் பொதுவாக ஆன்டிபயாடிக்கைச் சுரக்கிறது. பொறுமை வேண்டும்.

முதலில் ஸ்ட்ரெப்டோமைசிஸை மட்டும் அகாரின் (தட்டில் உள்ள கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) நடுவே ஒரு கோடாக இழுத்து, 28 டிகிரியில் 7 நாள் விடுங்கள். கோட்டின்மேல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி படிந்த பிறகு, அதைத் தொடாமல் குறுக்காக ஈ.கோலையை இழுங்கள். பக்கத்திலேயே பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவையும் இழுங்கள், இது முக்கியம். ஈ.கோலையின் வெளிச்சவ்வு பல மருந்துகளை உள்ளே விடாது; பேசில்லஸுக்கு அந்தச் சவ்வு இல்லை.

அப்போதும் கோட்டருகே எதுவும் வளராத இடைவெளி தெரியாவிட்டால் தட்டை வீசிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் மரபணுக்கள் பல, ஆய்வகத்தில் உறங்கியே கிடக்கும். ஊடகத்தை மாற்றிப் பாருங்கள்.